ஆம்பூரைத் தேடினால் ஆம்பூர் கிடைப்பதில்லை

தோல் தொழிலாளர்களின் கூலி பற்றிய பழைய துண்டறிக்கை ஒன்று கோப்பாகக் கைக்கு வந்தது. யாரோ புண்ணியவான் அதைப் பழைய எழுத்துருவிலிருந்து 'யூனிகோடு' எனும் ஒருங்குறிக்கு மாற்றியும் வைத்திருந்தார். நீளமான அறிக்கை. ஊர்ப் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க, 'ஆம்பூர்' எனத் தட்டித் தேடச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றது கணினி. முதல் வரியிலேயே ஆம்பூர் நிற்கிறது! 'வேலூர்' என்று தேடினேன்; அதுவும் இல்லை. 'வாணியம்பாடி' என்றதும் பதினோரு இடங்களைக் காட்டியது. வாணியம்பாடிக்கு உள்ள யோகம் ஆம்பூருக்கு ஏன் இல்லை?

எழுத்து எழுத்தாக நகர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைசியில் நிற்பது 'ர்' இல்லை. துணைக்காலின் தலையில் புள்ளி வைத்த ஒரு போலி: 'ஆம்பூா்'. கண்ணுக்குக் கால் கொஞ்சம் குட்டையான ரகர ஒற்றாகத் தெரியும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு எண்கள். வேலூர், திருப்பத்தூர், ஆட்சியர், வட்டாட்சியர், தொழிலாளர், உரிமையாளர் என ரகர ஒற்றில் முடியும் எல்லாச் சொற்களுக்கும் இதே கதி. தமிழில் ஒருவரை மரியாதையாகச் சொல்வதே ரகர ஒற்றில் முடிவதால், சேதம் கொஞ்சநஞ்சமில்லை.

தட்டச்சு செய்தவர்மேல் பழி போட முடியாது. ஈய அச்சுக் காலத்தில் 'ர்', 'ரி', 'ரீ' மூன்றையும் அடியிலுள்ள சாய்கோடு இல்லாமல் வார்ப்பது வழக்கம். தலையில் புள்ளியோ கொக்கியோ ஏறிவிட்டால் கால் தேவைப்படவில்லை. படிப்பவருக்கும் குழப்பம் இல்லை. தட்டச்சுப்பொறியிலும் துணைக்கால் விசையையும் புள்ளி விசையையும் சேர்த்து 'ர்' ஆக்கப் பலர் பழகினார்கள். தட்டச்சு நிலையத்தில் ஹையர் தேறிய விரல்கள் கணினிக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. காகிதத்தில் அச்சாகும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஒருங்குறிக்கு மாற்றும்போது துணைக்கால் துணைக்காலாகவே போய் உட்கார்ந்தது; 'அரிசி' 'அாிசி' ஆயிற்று. அரசுச் செய்திக்குறிப்புகளிலும் நாளிதழ்களின் இணையப் பக்கங்களிலும் 'ஆட்சியா்' இன்றும் உலாவிக்கொண்டுதான் இருக்கிறார்.

இதை ஒரு நுணுக்கப் பிழை என்று ஒதுக்கலாம். ஆனால், எழுத்துக்கு எண் தரும் பழைய குறியாக்கங்களுக்கு உலகமே விடை கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நம் பங்கு வேலையில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதற்கு ஆம்பூரின் இந்தக் கடைசி எழுத்தைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே நிரலை எங்கும் ஓட்ட உதவும் 'க்யூட்' என்ற மென்பொருள் கட்டமைப்பு நார்வேயில் பிறந்தது. படம் பார்க்க நாம் பயன்படுத்தும் விஎல்சி, டெலிகிராமின் கணினிப் பதிப்பு எல்லாம் அதன்மேல் எழுந்தவைதான். அதன் வயிற்றுக்குள் பல ஆண்டுகளாக நம்முடைய பொருள் ஒன்று இருந்தது: 'திஸ்கி' என்ற தமிழ்க் குறியாக்கத்தைப் படிக்கும் நிரல். 2020 டிசம்பரில் க்யூட்டின் 6-ஆம் பதிப்பு வந்தபோது, திஸ்கி உட்படப் பழைய குறியாக்கங்களைப் படிக்கும் பகுதியை மையத்திலிருந்து எடுத்து, வேண்டியவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஓரத்தில் வைத்துவிட்டார்கள். இணைய உலாவிகள் எந்தெந்தக் குறியாக்கங்களை ஏற்க வேண்டும் என்று வகுத்திருக்கும் தரப்பட்டியலில் ஜப்பான், சீனா, கொரியா, ரஷ்யா நாட்டுப் பழைய குறியாக்கங்கள் உண்டு. இந்திய மொழிக் குறியாக்கம் என்று ஒன்றுகூட இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் தளம் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும்: 'வியூ' போய், 'என்கோடிங்' போய், 'யூசர் டிஃபைன்டு' என்பதைத் தேர்ந்தால்தான் தமிழ் தெரியும். பெரும்பாலான உலாவிகள் அந்தப் பட்டியலையே இப்போது எடுத்துவிட்டன.

இதில் கோபப்பட எதுவும் இல்லை. பழைய குறியாக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு நிரலும் பராமரிக்க ஆள் வேண்டிய ஒரு பழைய வீடு. பூட்டிப்போட்டால் பாம்பு புகும். 2024 ஏப்ரலில் அது நிஜமாகவே நடந்தது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில், யாருமே பயன்படுத்தாத ஒரு சீனக் குறியாக்கத்துக்கான மாற்றியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த ஓட்டை வெளியே வந்தது. அதன் வழியாக வலைத்தளங்களையே கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். அதே நூலகத்தில் அந்த மாற்றிக்குப் பக்கத்து அறையில்தான் நம் திஸ்கி மாற்றியும் குடியிருக்கிறது. ஆகவே, கழற்றிவிட வேண்டும் என்கிற மென்பொருளாளர்கள் சொல்வது நியாயம்தான்.

என் சங்கடம் வேறு. ஓய்வு பெறுவதற்கு முதலில் வேலையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். ஆம்பூரில் எந்த ஷூ கம்பெனி வாசலில் நின்று கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மஸ்டர் ரோலில் பெயர் உண்டா, பி.எஃப். பிடித்தார்களா, ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா? எல்லாம் இருந்தவருக்குக் கணக்கு முடித்துக் கையில் கொடுப்பார்கள். காண்ட்ராக்டரின் கீழ் பத்து வருடம் ஒட்டுத்தையல் போட்டவரோ ஒரு நாள் வராமல் நின்றுபோவார். எந்த ஏட்டிலும் பதிவு இருக்காது.

திஸ்கி மஸ்டர் ரோலில் பெயர் உள்ள ஆள். 1990-களின் இறுதியில், சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கியது அது. 2007-இல் இணையக் குறியாக்கங்களின் உலகப் பதிவேட்டிலும் ஏறியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக வந்த 'டாம்', 'டாப்' குறியாக்கங்கள் இரண்டுக்கும் அரசு முத்திரையே இருந்தது. இவை போகும்போது இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்ற அட்டவணையாவது மிஞ்சும்.

ஆனால், வட ஆர்க்காட்டின் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் உழைத்துக் கொட்டியவை இவை இல்லை. வானவில், பாமினி, இளங்கோ, ஸ்ரீலிபி என்ற தினக்கூலிகள். எந்த உலகப் பட்டியலிலும் இவற்றுக்குப் பெயர் கிடையாது. கணினியைப் பொறுத்தவரை இவை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு உள்ள கணினியில் வேடம் பொருந்தும். இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஜேயும் கேயும் பல்லிளிக்கும். பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் பார்க்கத் தமிழாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டிப் பாருங்கள். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் அரசாணையைக் கேட்க முயன்றால், "ஜே, கே, பி, ஓ" என்றுதான் அது வாசித்துக் காட்டும்.

இந்தத் தோல் வட்டாரத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991-இல். அதே ஆண்டில்தான் இந்திய மொழிகளுக்கான 'இஸ்கி' குறியாக்கம் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையைப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஒருங்குறியின் முதல் பதிப்பும் வெளிவந்தது. வழக்கில் புகழ்பெற்ற தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணினித் தமிழுக்காகத் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டியது அதற்கு மறு ஆண்டு. பாதிக்கப்பட்டவர்கள் என்று 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கிட்டு இழப்பீடு அறிவிக்கப்பட்டது 2001-இல். அதற்குச் சற்று முன்னர்தான் விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியிருந்தது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பில், தராமல் விட்ட இழப்பீட்டைத் தரச் சொல்லிக் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொன்னது.

ஒரு வழக்கின் ஆயுளுக்குள் ஐந்தாறு குறியாக்கங்கள் பிறந்து வளர்ந்து மறைந்திருக்கின்றன. இழப்பீடு என்றால் பெயர்ப் பட்டியல். பெயர், தந்தை பெயர், கிராமம், சர்வே எண். 2001-இல் தட்டிய பெயரை 2025-இல் தேட வேண்டிவரும் மண் இது. இடையில் 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. அலமாரிகளோடு ஹார்ட் டிஸ்க்குகளும் மூன்று திசைகளில் போயின. காகிதக் கோப்பு நனைந்தாலும் கரையான் அரித்தாலும் மிச்சத்தைப் படிக்கலாம். வானவில்லில் உள்ள கோப்புக்கு எழுத்துருவை நிறுவத் தெரிந்த உதவியாளர் ஓய்வு பெற்றாலே போதும்.

ஊருக்குள் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் டி.டி.பி. கடைக்காரர்கள். ஆம்பூரில் நான் போகும் கடையில் புதுக் கணினிகள் இரண்டுக்கு நடுவே பழுப்பேறிய ஒரு பழைய பெட்டி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7. 2001-இல் வந்த அந்தப் பதிப்போடு பேஜ்மேக்கரின் கதை முடிந்தது. ஒருங்குறி என்ற சொல்லே அதற்குத் தெரியாது. பள்ளிவாசல் அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், இறந்தவருக்கான கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருட ஊர் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. கடைக்கார பாய் அதை விற்க மாட்டார். "அது போச்சுன்னா என் பாதி கஸ்டமர் போச்சு சார்" என்பார்.

அந்தப் பெட்டிக்குள் தமிழ் மட்டும் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் பல வீடுகளில் உருதுதான் பேச்சு. நிக்காஹ் பத்திரிகையும் மதரசா ஆண்டு மலரும் முஷாயிரா அழைப்பும் உருதில் வேண்டும். அதற்கு 1990-களில் தில்லியிலிருந்து வந்த மென்பொருள் 'இன்பேஜ்'. நஸ்தலீக் வடிவில் சரிந்து இறங்கும் உருதுவைக் கணினியில் அழகாகக் காட்டிய புண்ணியம் அதற்கு உண்டு. ஆனால் பழைய இன்பேஜ் கோப்பை இன்பேஜ்தான் திறக்கும். ஒருங்குறிக்கு மாற்றினாலும் ஆம்பூருக்கு வந்த அதே வியாதி: உருதுவின் 'யே'யும் 'காஃப்'பும் அரபியின் 'யே', 'காஃப்' எழுத்துகளோடு குழம்பிவிடும். 'யே' சொல்லின் நடுவில் வரும்போது இரண்டுக்கும் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது; எண்கள் மட்டும் வேறு. இரு மொழிக்காரர்களும் ஒரே கடைக்கு வந்து ஒரே குறையைச் சொல்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மாற்றிகள் இல்லாமல் இல்லை. சுரதாவின் 'பொங்குதமிழ்', நியூ ஹொரைசன் மீடியாவின் என்.ஹெச்.எம். மாற்றி போன்றவை தனியார் முயற்சியில் வந்து லட்சக்கணக்கான பக்கங்களைக் காப்பாற்றின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் ஏற்றிய நூல்களை ஒருங்குறிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கூலி வாங்காத தன்னார்வலர்கள் செய்த வேலை. மண்டியில் உப்புத் தடவி அடுக்கிய தோல் சில மாதம் தாங்கும். அதற்குள் பதனிட்டாக வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். மதுரைத் திட்டத்தார் உப்பு இறங்குவதற்குள் பதனிட்டார்கள். அரசு அலுவலகங்களில் தோல் இன்னும் மண்டியில்தான் இருக்கிறது.

பதனிடுவதிலும் தரம் உண்டு. ஆம்பூரின் போலி ரகரத்தைச் சரிசெய்வது சுலபம். தமிழில் துணைக்கால்மேல் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ ஏறவே ஏறாது. ஆகவே எங்கெல்லாம் 'ா்' வருகிறதோ அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ர்' என்று மாற்றலாம், ஓரிடத்திலும் தவறாது. ஒரு வரிக் கட்டளை. இத்தனை ஆண்டுகளாக இந்த ஒரு வரியை எழுதாமல் 'ஆட்சியா்' என்று வெளியிட்டுக்கொண்டிருப்பதற்குச் சாக்கே சொல்ல முடியாது.

ஔகாரம்தான் சண்டித்தனம் செய்யும். 'கௌ' என்பதன் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் உருவத்தில் ஒன்று. பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே விசை. அதனால் அவசர மாற்றிகள் 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' என்றும், 'வெள்ளை' என்பதை 'வௌ்ளை' என்றும் கக்கின. அதைத் திருத்தப் புறப்பட்ட சிலர் 'வௌ' வந்தாலே 'வெள' என்று மாற்ற, நல்ல வௌவால் 'வெளவால்' ஆகித் தலைகீழாகத் தொங்கியது. பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், வராவிட்டால் பெரும்பாலும் ஔகாரம் என்று சூத்திரம் வகுக்கலாம். 'தெளிவு' தப்பிக்கும், 'கெளுத்தி' தப்பிக்கும். சூத்திரம் தடுமாறும் இடத்தில் அகராதியைத் துணைக்கு அழைப்பார்கள். மனிதர் பெயர்களை எந்த அகராதியில் தேடுவது? இந்த வட்டாரத்தின் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் கௌஸ், ஷௌகத், தௌலத், மௌலானா என ஔகாரம் கொழிக்கும். ஒருங்குறி வந்த பிறகும் பலர் பழைய பழக்கத்தில் 'கெ' போட்டு 'ள' தட்டுகிறார்கள். ஒரே ஆள் ரேஷன் அட்டையில் ஒரு கௌஸ், பட்டாவில் இன்னொரு கெளஸ்.

இங்கே அரசின் பழைய முடிவு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், ஒருங்குறியோடு 'டேஸ் 16' என்ற இன்னொரு குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும், 'கௌ' போன்ற உயிர்மெய்க்கும்கூட, தனி எண் தருவது டேஸ். இலக்கணப்படி பார்த்தால் அழகு. மேலே சொன்ன ரகர, ஔகாரக் கூத்து எதுவும் அதில் நடக்காது. பதிப்பகங்களில் ஒருங்குறி அப்போது சரியாக வேலை செய்யவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒருங்குறி அவரவர் சொந்த உபயோகத்துக்கு என்று விட்டுவைத்திருக்கும் பகுதியில்தான் அது குடிவைக்கப்பட்டது. ஊர் நத்தத்தில் வீடு கட்டாமல் புறம்போக்கில் கட்டியதுபோல. வாடிக்கையாளரின் கைப்பேசி அதைக் காட்டாது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் அதற்கிருந்த நியாயம் கரைந்துவிட்டது. அதையும் மரியாதையோடு வழியனுப்பும் காலம் வந்துவிட்டது என்பேன். பரிந்துரைத்த அறிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாவட்ட ஆட்சியர்களும் மனது வைத்தால் ஓர் ஆண்டில் முடிகிற வேலைதான் இது. இன்று முதல் எந்தப் புதுக் கோப்பும் வானவில்லில் பிறக்கக் கூடாது. பழையவற்றை மாற்றும்போது மூலத்தை அழிக்கக் கூடாது. மாற்றியவர் எந்த அட்டவணையைப் பயன்படுத்தினார் என்பது கோப்போடு இருக்க வேண்டும். தினக்கூலி எழுத்துருக்கள் அத்தனைக்கும் எண் அட்டவணையை எழுதி, தமிழ் இணையக் கல்விக்கழகம் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்க வேண்டும். சில எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் இன்று தொழிலில் இல்லை. அவர்கள் விசைப்பலகையை நினைவில் வைத்திருக்கும் தட்டச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க இன்னும் பத்து ஆண்டு அவகாசம் இருப்பதாக நினைப்பது தப்புக்கணக்கு.

என் துண்டறிக்கைக்கு வருகிறேன். ஒரு வரிக் கட்டளை போட்டதும் ஆம்பூர் கிடைத்தது, பதினேழு இடங்களில். வேலூர் ஆறு. 'வௌிமாநில' என்பதைக் கையால் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டவர்கள் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் 'கெளஸ்' என்று இருந்தது. அச்செடுக்க பாயின் கடைக்கு எடுத்துப் போனபோது, இதைச் சரியாக அடித்துத் தாருங்கள் என்றேன். பெயரை அழித்தார். 'கெ' தட்டினார், 'ள' தட்டினார், 'ஸ்' தட்டினார்.

"இப்பவும் அதேதானே பாய்?"

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கண்ணுக்கு ஒண்ணாத்தானே சார் இருக்கு?"